முதலில் யாரைத் தோண்டுவது

பனியைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஓசூரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரிவு ஒன்று உண்டு. பிரஸ் ஷாப் என்போம். அங்கே வெளியே வரும் சாமான்களின் தரத்தைப் பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு பிரஸ்ஸிலும் இரண்டு பட்டன்கள் இருக்கும். இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கும் பாளம் இறங்கும். பாளம் இறங்கும்போது கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். தளிப் பக்கத்து ஆள் ஒருவர், வேலை வேகமாக ஓடட்டும் என்று ஒரு பட்டனை டேப் போட்டு அமுக்கி வைத்திருந்தார். ஒரு கை பட்டனில் இருந்தது. இன்னொரு கை தகட்டைச் சரி செய்துகொண்டிருந்தது.

பாளம் இறங்கிய சத்தத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. அவர் "அவ்வா" என்று கத்தியதைக் கேட்டுத்தான் திரும்பினேன். கன்னடத்தில் அம்மாவைக் கூப்பிட்டார். தகடு முழுக்க ரத்தம். என் துப்பட்டாவை உருவி அவர் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினேன். விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் என்ன இருந்தது என்று நான் எழுதப் போவதில்லை. ஆம்புலன்ஸில் அவர் என் தோளைக் கடித்தார். வலி தாங்காமல் கடித்தார். பல் பதிந்த தடம் ரொம்ப நாள் இருந்தது.

அதற்குப் பிறகு எந்தப் பாதுகாப்புச் சாதனத்தைப் பார்த்தாலும், இதை எந்த இடத்தில் யார் டேப் போட்டு ஒட்டுவார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். இந்தப் புத்தியோடுதான் நான் பனிமலைக்குப் போனேன்.

பனிச்சறுக்கு ஆசை என் கணவருடையது. அவர் வேறொரு கம்பெனியில் மெஷின் நிறுவும் பிரிவில் இருக்கிறார். ஐரோப்பாவில் ஒரு மலை நாட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போனது மெஷினைக் கற்றுக்கொள்ள. அங்கே வேலை செய்கிறவர்கள் விடுமுறை நாளில் இவரையும் கூட்டிக்கொண்டு போய், காலில் பலகையைக் கட்டி, சரிவில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். திரும்பி வரும்போது பழைய பலகை ஜோடி ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தார். மத்திகிரியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் படிக்கட்டில் அது ஏறவில்லை. கீழ் வீட்டு ஆட்டோக்கார அண்ணன் வந்து, ஜன்னல் வழியாக ஏற்றிக் கொடுத்துவிட்டு, "என்னா சார் இது, கதவு நிலையா?" என்று கேட்டார்.

லிஃப்ட் ஓடும் சறுக்கு மைதானம் அவருக்குப் போதவில்லை. யாரும் போகாத மலைக்குள் நாமே ஏறி, நாமே இறங்க வேண்டும் என்றார். பலகையின் அடியில் முடி வைத்த துணிப் பட்டையை ஒட்டினால், அது முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. அப்படியே நடந்து மலை ஏறலாம். உச்சியில் பட்டையை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்கலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பனிச்சரிவு வந்து மூடினால் என்ன செய்வது என்று கேட்டேன். மூன்று சாமான்களை எடுத்து மெத்தை மேல் வைத்தார்.

ஒன்று, நெஞ்சில் கட்டிக்கொள்ளும் சிறிய பெட்டி. பீக்கன் என்கிறார்கள். எப்போதும் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்தால், மற்றவர்கள் தங்கள் பெட்டியைத் தேடும் நிலைக்கு மாற்றி, அந்த சிக்னலைப் பிடித்துக்கொண்டு போகலாம். இரண்டாவது, கூடாரக் கம்பி போல மடங்கி விரியும் நீளக் கம்பி. பனிக்குள் குத்தி, ஆள் எங்கே கிடக்கிறார் என்று பார்க்க. மூன்றாவது, கைப்பிடி கழற்றி மாட்டும் ஷவல்.

"இத வெச்சு யாரு தோண்டுவா?" என்றேன்.

"நான் பொதைஞ்சா நீ. நீ பொதைஞ்சா நான்."

"அப்போ எனக்குக் கத்துக்குடுங்க. கத்துக்காம நான் வரமாட்டன். நீங்களும் போவக் கூடாது."

பாகலூரில் என் அப்பாவின் தோட்டத்தில்தான் பழகினோம். எருக்குழிதான் எங்களுக்குப் பனிமலை. அவர் ஒரு பீக்கனை டப்பாவில் போட்டு எருவுக்குள் புதைத்துவிடுவார். நான் வரப்பிலிருந்து ஓடி வந்து தேட வேண்டும். முதல் நாள் எனக்கு அழுகை வந்தது. பெட்டி அம்புக்குறி காட்டும், எண் காட்டும். எண் குறைந்தால் கிட்டே போகிறோம் என்று அர்த்தம். ஆனால் அம்பு நேராகக் காட்டாது, வளைத்து வளைத்துக் கூட்டிப்போகும். அவசரப்பட்டால் தாண்டிவிடுவோம். கடைசியில் பெட்டியைத் தரையை ஒட்டிப் பிடித்து, நெடுக்காகவும் குறுக்காகவும் மெதுவாக நகர்த்தி, மிகச் சிறிய எண் வரும் இடத்தில் கம்பியைக் குத்த வேண்டும். குத்தின கம்பியை உருவக் கூடாது. சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து தோண்ட வேண்டும். மேலிருந்து தோண்டினால் புதைந்தவர் மேலேயே ஏறி நிற்போம்.

அப்பா ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லா இருக்கிற எருவக் கெளறிக் கெளறி ஆத்திட்டீங்க. இன்னாத்துக்கும்மா இது?"

"பனியில பொதைஞ்சுட்டா வெளிய எடுக்க, நைனா."

"பொதையற எடத்துக்கு எதுக்குப் போவணும்?"

என் கணவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

இமாச்சலில் சாலை முடியும் ஒரு மலைக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாங்கள் மூன்று பேர். என் கணவரோடு கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார். எனக்கு அவர் அண்ணன். எங்கள் கல்யாணத்தில் பந்தியில் நின்று சாம்பார் வாளி தூக்கியவர். வெளிநாட்டில் இருந்தபோது பல வருஷம் சறுக்கியிருக்கிறார். எங்கள் மூவரில் அவர்தான் சாமர்த்தியசாலி. அதுவேதான் சிக்கலும். அவருடைய ஷவல் பிளாஸ்டிக். பனிச்சரிவு வந்து நின்றதும் பனி சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், பிளாஸ்டிக் உடைந்துவிடும் என்று நான் படித்திருந்தேன்.

"வெயிட் கம்மிமா," என்றார்.

"ஒடஞ்சா உங்கள யாரு எடுக்கறது?"

"என்னை எடுக்கிறது உன் ஷவல்தானே. அது இரும்புதானே. அப்புறம் என்ன?"

மறுநாள் காலை பார்த்தால் போனையும் பீக்கனையும் ஒரே இடத்தில் நெஞ்சோடு வைத்திருந்தார். போன் பக்கத்தில் இருந்தால் சிக்னல் கெடும். வாயைத் திறந்தேன். என் கணவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அதையும் மீறிச் சொன்னேன். அண்ணன் போனை எடுத்துப் பையில் போட்டார், ஆனால் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி அந்தக் கிராமத்துக்காரர். இந்தியில் பேசுவார். அடிவாரத்துச் சின்னச் சரிவில் எனக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். நான் அவரை அண்ணன் என்ற அர்த்தத்தில் பையா என்பேன், அவர் என்னை அக்கா முறையில் தீதி என்பார். கிளம்புவதற்கு முன் தினமும் ஒவ்வொருவர் பீக்கனையும் சோதிப்பார். பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார். ஒரு சரிவுக்குள் போகும் முன் பனியில் குழி வெட்டி, அடுக்கு அடுக்காகத் தட்டிப் பார்ப்பார். புதுப் பனி விழுந்த மறுநாள், காற்று அடித்துக் குவித்த பக்கம், மதிய வெயில் பட்ட சரிவு, இந்த மூன்றும் சேர்ந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது என்பார். நான்காவதாக ஒன்று சொன்னார்: "ஆபத்தான இடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போக வேண்டும். மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று, போகிறவரைக் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். எல்லாரும் புதைந்தால் தோண்ட ஆள் இருக்காது."

ஒரு வாரம் கழித்து ஒரு நாள், பெரிய சரிவு வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். முந்தின நாள் பனி கொட்டியிருந்தது. அண்ணன் வாதாடினார். கடைசியில் மலை முதுகு வழியாகச் சுற்றிப் போவதென்று முடிவானது. அதில் ஒரே ஓர் இடம்தான் பயம். இரண்டு பாறை மேடுகளுக்கு நடுவே பனி மூடிய சரிவு ஒன்று வாய்க்கால் போல இறங்கியது. அதைக் குறுக்கே தாண்ட வேண்டும். பனியில் ஊன்றிப் போகும் குச்சிகளின் வாரிலிருந்து கையை எடுத்துவிடச் சொன்னார் வழிகாட்டி. பனி இழுத்தால் குச்சி கையோடு வந்து நம்மைக் கீழே அமுக்கும். முதலில் அவர் போனார். அந்தப் பக்கப் பாறையில் நின்று கையை உயர்த்தினார். அடுத்து என் கணவர் போனார். நானும் அண்ணனும் இந்தப் பக்கம் நின்றோம்.

வெயில் ஏறியிருந்தது. என் கணவர் பாதி தூரம் போயிருப்பார்.

"போலாம்மா. அவன் தாண்டிட்டான்."

"இருங்கண்ணா. அவரு கை காட்டட்டும்."

"இவ்ளோ நேரம் நின்னா வெயில்ல இன்னும் மோசமாவும். வா."

அவர் கால் வைத்தார். நான் அவர் பையைப் பிடித்தேன். என் விரல் வழுக்கியது.

நிறைந்த அரிசி மூட்டையை உயரத்திலிருந்து தரையில் போட்டதுபோல 'தொப்' என்று ஒரு சத்தம். வந்தது காலுக்கு அடியிலிருந்து. எங்களுக்கு மேலே பனியில் ஒரு கோடு ஓடியது. கண்ணாடியில் விரிசல் ஓடுகிற வேகம். அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த மலை முழுக்க ஒரே துண்டாக நகர்ந்தது. ஒரு கணம்தான் துண்டாக இருந்தது. அப்புறம் உடைந்து, கட்டில் அளவும் பீரோ அளவுமான கட்டிகளாகப் புரண்டு, ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு கீழே போனது. என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஆரஞ்சு நிறச் சட்டை தெரிந்தது. அடுத்து ஒரு பலகை மட்டும் மேலே எழும்பித் தெரிந்தது. அப்புறம் எதுவும் தெரியவில்லை. அண்ணனை அது ஓரத்தில் பிடித்தது. ஒரு பாறையில் அடித்துத் தூக்கி எறிந்ததைப் பார்த்தேன். அடிபட்ட சத்தம்கூடக் கேட்டது. நான் நின்ற பாறையின் விளிம்பு வரை பனியைத் துடைத்தெடுத்துக்கொண்டு போய்விட்டது.

பிறகு பனித்தூள் அடங்கியது. பறவைச் சத்தம்கூட இல்லை.

"தீதி! கடைசியாக எங்கே பார்த்தாய்? அந்த இடத்தை விடாதே!" எதிர்ப் பாறையிலிருந்து வழிகாட்டி கத்தினார். அவருக்குக் கீழே செங்குத்தான பாறை. அவர் சுற்றித்தான் இறங்க முடியும். மேலே மிச்சப் பனி தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு, என்னை இறங்கச் சொல்லிக் கையை வீசினார்.

நான் சறுக்கவில்லை. பலகையைக் குறுக்கே வைத்துத் தேய்த்துத் தேய்த்து இறங்கினேன். பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றினேன். ஆரஞ்சு கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து கீழே போனேன். சிக்னல் கிடைத்தது. அம்பு இடது பக்கம் காட்டியது. எண் குறைந்தது. பனிக்கட்டிகள் குவிந்து கிடந்த இடத்தில் பலகையைக் கழற்றிவிட்டு ஓடினேன். எண் இன்னும் குறைந்தது. கட்டிகளுக்கு நடுவே ஒரு தலை தெரிந்தது.

அண்ணன். நெஞ்சு வரை புதைந்திருந்தார். ஹெல்மெட் பிளந்திருந்தது. காதிலிருந்து ரத்தம் வழிந்து பனியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கை வெளியே இருந்தது, கையுறை இல்லாமல். "காலு, காலு" என்று அலறினார். "என் காலு போச்சு, எடும்மா, எடும்மா என்ன."

எல்லாச் சாமான்களையும் விட முக்கியமான ஒன்றை எருக்குழியில் யாரும் சொல்லித்தரவில்லை. மலைக்கு வந்த முதல் நாள் வழிகாட்டிதான் சொன்னார். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. அவர் காத்திருக்கலாம். சத்தம் இல்லாதவர் காத்திருக்க முடியாது. பனிக்கு அடியில் காற்று கொஞ்ச நேரத்துக்குத்தான் வரும். இன்னொன்றும் சொல்லியிருந்தார். வெளியே தெரிகிறவரின் பீக்கன் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருந்தால், உள்ளே இருப்பவரின் சிக்னலோடு குழம்பும். அதை அணைத்துவிட்டுப் போ.

அண்ணனின் சட்டை ஜிப்பைக் கிழித்துத் திறந்தேன். உள்ளே கைவிட்டுப் பெட்டியைப் பிடித்து அணைத்தேன். என்னைத்தான் தூக்குகிறாள் என்று நினைத்து அவர் அழுகையை நிறுத்தினார். நான் எழுந்தேன்.

"எங்க போற?"

"அவரு உள்ள இருக்காரு அண்ணா."

"ஏய். ஏய். என்ன விட்டுட்டுப் போவாத." வெளியே இருந்த கையால் என் கணுக்காலைப் பிடித்தார். உயிருக்குப் பயந்த மனிதனின் பிடி அது. இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. "விடுங்கண்ணா" என்றேன். "விடு" என்று கத்தினேன். இன்னொரு காலைத் தூக்கி, அந்தக் கை மேல் மிதித்தேன். பனிச்சறுக்குக் காலணி கெட்டிப் பிளாஸ்டிக். கீழே பனி கல்லாக இறுகியிருந்தது. முதல் மிதியில் அவர் விடவில்லை. இரண்டாவதில் ஏதோ முறிந்தது. காலில் தெரிந்தது எனக்கு.

திரும்பிப் பார்க்கவில்லை. அவர் என்னைத் திட்டிய வார்த்தைகள் கன்னடத்தில் இருந்தன, தமிழிலும் இருந்தன.

இப்போது பெட்டியில் ஒரே சிக்னல். அது கீழே போகச் சொன்னது. கட்டிகள் மேல் விழுந்து எழுந்து போனேன். முழங்கால் கிழிந்தது அப்போது தெரியவில்லை. எண் சிறிதானதும் முழங்காலிட்டு, பெட்டியைப் பனியை ஒட்டி வைத்து, நெடுக்காக, குறுக்காக நகர்த்தினேன். கை அவசரப்பட்டு எண் ஆடியது. "மெதுவா, மெதுவா" என்று எனக்கு நானே கத்திக்கொண்டேன். கம்பியை விரித்துக் குத்தினேன். கல். தள்ளிக் குத்தினேன். ஒன்றுமில்லை. இன்னும் தள்ளி. கம்பி உள்ளே போய், ரப்பரில் இடித்ததுபோல மெத்தென்று நின்றது.

கீழ்ப்பக்கம் போய்த் தோண்ட ஆரம்பித்தேன். தோண்டுவது என்றால் அள்ளுவது இல்லை. வெட்ட வேண்டும். கட்டி கட்டியாக வெட்டிப் பின்னால் தள்ள வேண்டும். எருவில் பழகியது ஒன்றுக்கும் உதவாது என்று நினைத்தேன். ஆனால் உடம்பு தானாகச் செய்தது. மூச்சு வாங்கி நெஞ்சு எரிந்தது. எங்கோ மேலே அண்ணன் அலறிக்கொண்டே இருந்தார். வழிகாட்டி எப்போது வந்து பக்கத்தில் சேர்ந்தார் என்று தெரியவில்லை. இரண்டு ஷவல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. என் ஷவல் எதிலோ டங்கென்று பட்டது. ஹெல்மெட். அடுத்த வெட்டு ஹெல்மெட்டுக்குக் கீழே போய்விட்டது. பனி சிவப்பானது. அவருடைய புருவத்தைப் பிளந்துவிட்டேன்.

அந்த ரத்தத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரத்தம் ஓடுகிறது என்றால் ஆள் இருக்கிறார்.

முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது, உதடு நீலம். வாய் நிறையப் பனி. விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். மூச்சு இல்லை. நெஞ்சு வரை பனி இறுக்கியிருந்ததால் வெளியே இழுக்க முடியவில்லை. வழிகாட்டி அவர் தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயில் ஊதினார். மறுபடி ஊதினார். நான் நெஞ்சைச் சுற்றி வெறி பிடித்ததுபோல வெட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் இருமினார். ரத்தமும் எச்சிலுமாக வழிகாட்டியின் முகத்தில் தெறித்தது. பிறகு மாடு கத்துவதுபோல ஒரு சத்தம் போட்டார். தோள் எலும்பு முறிந்து, கை முதுகுப் பக்கம் மடங்கிக் கிடந்தது. அந்தக் கையைத்தான் நான் பிடித்து இழுத்திருக்கிறேன்.

அவரை உட்காரவைத்து உடல் சூட்டைக் காக்கும் வெள்ளித்தாள் போர்வையில் சுற்றிவிட்டு, அண்ணனிடம் போனோம். அவர் இப்போது கத்தவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு என்னையே பார்த்தார். பனியை வெட்டி எடுத்தபோது முழங்காலுக்குக் கீழே கால் தவறான பக்கம் திரும்பியிருந்தது. காலணியைக் கழற்றக் கூடாது என்றார் வழிகாட்டி. குச்சிகளை இரண்டு பக்கமும் வைத்து, பையின் வார்களால் கட்டினோம். கட்டும்போது அவர் மயங்கிவிட்டார். போனில் சிக்னல் இல்லாத இடம் அது. வழிகாட்டியிடம் வாக்கி டாக்கி இருந்தது. எந்தப் பாதையில் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று காலையிலேயே கிராமத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தார். அதனால் ஆட்கள் தேடித் திரியாமல் நேராக எங்களிடம் வந்தார்கள். தகரச் சறுக்கு வண்டியில் வைத்து இரண்டு பேரையும் இறக்கினார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் இரண்டு பேரும் கத்தினார்கள். நான் பின்னால் நடந்து வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, பசித்தது.

ஓசூர் வந்து சேர்ந்த பிறகு அப்பா பார்க்க வந்தார். என் கணவரின் கட்டுப் போட்ட தோளையும் தையல் போட்ட புருவத்தையும் பார்த்தார். மிச்சமிருந்த ஒற்றைப் பலகை சுவரில் சாய்ந்திருந்தது. இன்னொன்றைப் பனி கொண்டுபோய்விட்டது. அப்பா அந்த ஒற்றையை ஜன்னல் வழியாகக் கீழே இறக்கிவிட்டு, தானும் இறங்கினார். ஆட்டோக்கார அண்ணன் வீட்டில் கோடாலி வாங்கி, வாசலில் போட்டு வெட்ட ஆரம்பித்தார். பலகையின் ஓரத்தில் எஃகு பதித்திருக்கும். கோடாலி துள்ளி அவர் முழங்கால் ஓரம் உரசிப் போனது. வேட்டியில் ரத்தம். அப்படியும் நிறுத்தவில்லை. நான் போய்த் தடுக்கவில்லை. என் கணவரும் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பலகை இரண்டாகப் பிளந்த பிறகு அப்பா மேலே வந்து, "தண்ணி குடும்மா" என்றார்.

அடுத்த வாரம் பெங்களூர் அண்ணனின் சொந்த அண்ணன் வந்தார். பட்டப்பகல். கதவைத் திறந்தவுடன் என் கணவரின் சட்டையைப் பிடித்தார்.

"என் தம்பி கை வெரல ஒடச்சுட்டு வந்து இங்க உக்காந்துனு இருக்கியாடா?"

முறிந்த தோளோடு சேர்த்துச் சுவரில் தள்ளினார். என் கணவர் வலியில் அலறினார். நான் இடையில் புகுந்தேன், என்னையும் தள்ளினார். ஸ்டவ்வின் விளிம்பு என் இடுப்பில் குத்தியது. கையில் கிடைத்த தோசைக்கல்லை ஓங்கினேன். அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த கல். அவர் பின்வாங்கினார். கீழிருந்து ஆட்டோக்கார அண்ணன் ஓடி வந்து அவரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"அவரு ஒடைக்கல," என்றேன். "நான்தான் மிதிச்சேன். ரெண்டு தடவ மிதிச்சேன். மிதிக்கலன்னா இவரு இன்னிக்கி இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். கையை உதறிக்கொண்டு படி இறங்கிப் போனார்.

என் கணவர் தரையில் சரிந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு அதுவரை தெரியாது. பாறையில் அடிபட்டு விரல் போனது என்றுதான் நினைத்திருந்தார்.

"எங்கிட்ட சொல்லவே இல்லியே நீ."

"சொன்னா நீங்க அவர் மூஞ்சியப் பாக்க முடியாது. அதான்."

தோசைக்கல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றேன். என் உள்ளங்கை கொப்புளித்திருந்தது.

அதற்குப் பிறகு அவர் தூக்கத்தில் கையை வீச ஆரம்பித்தார். பக்கத்தில் படுத்தால் அடி விழும். ஒரு தடவை என் உதடு கிழிந்தது. நான் பாயை நகர்த்திப் போட்டுக்கொண்டேன். பகலில் நல்ல மனிதர். வேலைக்குப் போனார், சமைத்தார், ஜோக்கடித்தார். பனி என்ற வார்த்தையை மட்டும் சொல்லமாட்டார். நான்தான் பனிச்சரிவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பனிக்காலம் கழித்து, மலை மீட்பு வகுப்புக்குத் தனியாகப் போய்வந்தேன். அவர் ரயிலேற்றிவிட வந்தார். என் பையைத் திறந்து ஷவலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கைப்பிடியைச் சரியாக மாட்டித் திரும்ப வைத்தார். அவ்வளவுதான்.

அந்த வகுப்பிலிருந்து வந்த பிறகு பெங்களூர் அண்ணனிடமிருந்து போன் வந்தது. என்னோடு மட்டும் பேச வேண்டும் என்றார். அத்திப்பள்ளியில், கர்நாடக எல்லையைத் தாண்டியதும் இருக்கும் ஒரு ஹோட்டலில் சந்தித்தோம். கைத்தடியோடு வந்தார். உட்காரவே கொஞ்ச நேரம் பிடித்தது. காபி டம்ளரை இடது கையால் எடுத்தார். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை.

"எலும்பு ஒடஞ்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல," என்றார். "நான் அவன் தாண்டுறதுக்கு முன்னாடி கால் வெச்சேன். அது எனக்குத் தெரியும். என் அண்ணன் வந்து அடிச்சதும் தப்பு. நான் அனுப்பல."

நான் தலையாட்டினேன்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும். என் பீக்கன ஆஃப் பண்ணிட்டுப் போன இல்ல? மேல இருந்து மறுபடி சரிஞ்சிருந்தா, என்ன எப்படிக் கண்டுபிடிச்சிருப்பீங்க?"

அந்தக் கேள்வி எனக்குத் தெரியும். வகுப்பில் அதே கேள்வியை நான் கேட்டிருந்தேன். வேறு வழி இல்லாதபோது அப்படித்தான் செய்ய வேண்டும் என்றார்கள். இப்போது சில பெட்டிகளில் ஒரு சிக்னலை ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் தேடும் வசதி இருக்கிறது என்றும் சொன்னார்கள். என் பெட்டியிலும் அந்த வசதி இருந்தது. நான் அதைப் பழகியதில்லை. எருக்குழியில் நாங்கள் எப்போதும் ஒருவரைத்தான் புதைத்தோம்.

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். "கண்டுபிடிச்சிருக்க முடியாதுண்ணா," என்றேன். "அது தெரிஞ்சுதான் ஆஃப் பண்ணேன்."

அவர் காபியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்து மேஜையில் லாரிக்காரர்கள் தெலுங்கில் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ தோண்டுற சத்தம் எனக்குக் கேட்டுட்டே இருந்துச்சு," என்றார். "அவன் செத்துருந்தா நல்லாருக்கும்னு நெனச்சேன். அப்ப நீ சீக்கிரம் எங்கிட்ட வந்துருவேன்னு. காலேஜ்ல என்னோட ஒரே தட்டுல சாப்ட்டவன் அவன். அவன் சாவணும்னு நெனச்சேன்."

அவருடைய மடங்காத விரல்களைப் பார்த்தேன். அவர் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொள்ளவில்லை.

"அதுக்குத்தான் உன்ன வரச் சொன்னேன். அவன்கிட்ட சொல்ல முடியாது."

"சொல்லாதீங்க," என்றேன்.

பில் வந்தது. அவர் எழ முயன்றார், தடி வழுக்கியது. நான் தோளைக் கொடுத்தேன். கொஞ்சம் தயங்கிவிட்டுப் பிடித்துக்கொண்டார். அவருக்கு பெங்களூர் பக்கம் பஸ், எனக்கு ஓசூர் பக்கம். சாலையைக் கடக்கும்வரை அவர் பாரம் என் மேல் இருந்தது.